எரிந்த காட்டில் செய்ய வேண்டியது

காடு ஒன்று எரிந்துபோயிற்று என்று கேள்வியுற்றவுடன் நம் மனத்தில் எழுகின்ற எண்ணம் பெரும்பாலும் ஒன்றே. கன்றுகளைக் கொண்டுவர வேண்டும். குழி தோண்டி நட வேண்டும். நீரூற்றி வளர்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டில் மத்திய அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவம் என்னும் விழாவைத் தொடங்கி வைத்தார்கள். அன்றுமுதல் ஜூலை மாதம் வந்தால் கன்று நடுவது நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் ஆண்டுதோறும் மாணவர்களைக்கொண்டு குழி தோண்டச் செய்தவன்தான். வெட்டவெளியாய்க் கிடந்த இடத்தில் நிழல் உண்டாக்குவதற்கு அதைவிட நல்ல வழி வேறில்லை. (நட்ட நாளில் கூடும் கூட்டம் நீரூற்றும் நாளில் கூடுவதில்லை என்பது வேறு செய்தி.) ஆயினும், எரிந்து கரியாகிக் கிடக்கும்போது கன்று நடுதல் ஆகாது, எருவிடுதல் ஆகாது, பொறுத்திருந்து பார்ப்பதே முதற்கடமை என்று அறிஞர்கள் கூறுகின்ற காடும் உலகில் உண்டு. அத்தகைய காடு ஒன்றைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தலைநகரான சிட்னியில், புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் ஒன்று இருக்கிறது. அதன் வாயிலில் இரண்டு பாறைமுனைகள் வாயிற்காப்போர் போல எதிரெதிரே நிற்கின்றன. வடபுறத்தில் இருப்பதற்கு நார்த் ஹெட் என்று பெயர். நாம் வடமுனை என்று சொல்லிக்கொள்ளலாம். செங்குத்தான மணற்பாறை, அதன் உச்சியில் முற்காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மணல். அம்மணலின்மேல் ஆள் உயரத்திற்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளர்ந்த புதர்க்காடு. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள். கடலும் மணலும் இருப்பதால் இதனை நெய்தல் என்போமா, எரிந்து காய்வதால் பாலை என்போமா என்று சில சமயம் எனக்கு ஐயம் எழுவதுண்டு.

இந்தப் புதர்க்காட்டின் தலைமைச் செடி பாங்க்சியா. 1770ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் காப்டன் குக் தம் கப்பலை இக்கரையிலுள்ள ஒரு விரிகுடாவில் நிறுத்தியபோது, உடன் சென்ற ஜோசப் பாங்க்ஸ் என்பார் புதிய செடிகளை ஏராளமாகச் சேகரித்தார். அதனால் அந்த விரிகுடாவுக்கே தாவரவியல் விரிகுடா என்னும் பொருளில் பாட்டனி பே என்று பெயர் வந்தது. அவர் சேகரித்தவற்றுள் ஓர் இனத்துக்கு 1782ஆம் ஆண்டில் அவர் பெயரே இடப்பட்டது. அவர் கரையிறங்கிய காலத்தில் பாட்டனி பே முதல் வடமுனை வரை, இன்றைய நகரின் கிழக்குப் புறநகர்ப் பகுதி முழுவதும், இவ்வகை மணற்காடு சுமார் 5,300 ஹெக்டேர் பரப்பில் இருந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். பின்னர் வீடுகளும் தெருக்களும் பந்தாட்ட வெளிகளும் வந்தன. இப்போது எஞ்சியிருப்பது நூற்றுக்கு மூன்று பங்கிற்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வடமுனையில் ஒரு நல்ல துண்டு தப்பியதற்குக் காரணம் எவருடைய அருளும் அன்று. 1830களிலிருந்து 1984 வரை அங்கே ஒரு தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இருந்தது; கப்பலில் நோயுடன் வந்தவர்களை அங்கே இறக்கித் தனித்து வைப்பார்கள். பின்பு பீரங்கிப் படையும் அங்கே இடம் பிடித்துக்கொண்டது. நோய்க்கும் பீரங்கிக்கும் அஞ்சி மக்கள் விலகி நின்றார்கள், காடு பிழைத்தது.

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இக்காட்டில் தீப்பிடித்தது. அது இடியால் விளைந்த தீயன்று. தீயோர் வைத்த தீயுமன்று. பொறுப்புள்ள அதிகாரிகள் திட்டமிட்டு, நாள் குறித்து, ஒரு சிறு பகுதியை மட்டும் எரிப்பதற்காக மூட்டிய தீ. காற்று வலுத்தது, தீ எல்லைக் கோட்டைத் தாண்டிற்று, 60 ஹெக்டேருக்கும் மேற்பட்ட புதர்க்காடு கரியாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2019-20 கோடையில், அம்மாநிலத்தில் மட்டும் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டுத்தீக்கு இரையாகியிருந்தது. அந்தக் கொடுமையைக் கண்ட மக்கள், காட்டுக்கு வேண்டுமென்றே தீ வைப்பானேன் என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அங்குள்ள செடிகள் தீயோடு எவ்வாறு வாழ்க்கை நடத்துகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அவை இருவகைப்படும். ஒருவகைச் செடிகள் தீயில் மேற்பகுதி எரிந்தாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வாலம் பாங்க்சியா என்று அவ்வூரார் அழைக்கும் செடிக்கு மண்ணோடு மண்ணாக ஒரு தடித்த மரக்கிழங்கு உண்டு. அதில் உறங்கும் மொட்டுகளும் உணவுச் சேமிப்பும் இருக்கும். மேலே எல்லாம் சாம்பலான பிறகு அக்கிழங்கிலிருந்து தளிர் கிளம்பும். புல்மரம் என்னும் மற்றொரு விந்தைச் செடியும் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் இலைகள் நீண்ட புல்லைப் போல் அடர்ந்திருக்கும். மற்றைக் காலங்களில் எப்போதோ பூக்கும் அச்செடி, தீப்பட்ட அடுத்த பருவத்தில் ஈட்டி போல நெடிய பூந்தண்டுகளை நீட்டிவிடும். சுற்றிலும் கருமையாய்க் கிடக்கும் நிலத்தில் அவை மட்டும் நிமிர்ந்து நிற்கும் என்பார்கள்.

மற்றொருவகைச் செடிகள் தீயில் வேரோடு மாண்டுபோகும். ஆனால் வாரிசை வைத்துவிட்டு மாளும். இவற்றின் கதையே மிகவும் சுவையானது. ஊசியிலை பாங்க்சியா என்று ஒன்று உண்டு. அதன் பூக்கள் ஆரஞ்சு நிறத்தில், புட்டி துடைக்கும் பிரஷ் போன்ற கதிராக இருக்கும். பூ உதிர்ந்த பின் கதிரில் மரம்போல் இறுகிய காய்கள் தோன்றும். அக்காய்கள் நம் வெண்டைக்காய் போலவோ எள்ளுக்காய் போலவோ முற்றியவுடன் வெடித்துவிடுவதில்லை. வருஷக்கணக்கில் வாயை இறுக மூடிக்கொண்டு செடியிலேயே இருக்கும். தீ வந்து சுட்டால்தான் வாய் திறக்கும். அப்போது தாய்ச்செடி இறந்துபோயிருக்கும். சிறகுள்ள விதைகள் சாம்பலின்மீது உதிரும். மேலே நிழல் இல்லை; போட்டிச் செடி இல்லை; சாம்பலில் சிறிது உப்புச்சத்து உண்டு. அடுத்த மழையில் முளைத்துவிடும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: இச்செடிக்கு மண்ணில் விதைச் சேமிப்பு என்பது கிடையாது. இருப்பதெல்லாம் கதிரில் இருப்பதே. அம்முறை உதிர்ந்த விதைகள் முளைக்காமற் போனாலும், முளைத்தவை வளராமற் போனாலும், இரண்டாவது வாய்ப்பு இல்லை. குடும்பத்தின் பொன் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துச் செலவிடுவது போன்ற காரியம் இது.

வாட்டில் என்று வழங்கும் வேலமரத்து இனங்களின் முறை வேறு. அவற்றின் விதைகள் மண்ணுக்குள் சேமிக்கப்படுகின்றன. சேமிப்பவை எறும்புகள். விதையின் ஒரு முனையில் எண்ணெய்ப் பசையுள்ள சிறு தசைத்துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையை வளைக்கு இழுத்துச் செல்லும். துணுக்கைத் தின்றுவிட்டு விதையை மண்ணுக்குள் விட்டுவிடும். விதையின் தோல் மிகக் கடினமானது, நீர் உட்புகாது. தாய்ச்செடி முதுமையடைந்து பட்டுப்போன பின்னும் அவ்விதைகள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே தீ எரியும்போது மண் சூடேறும். ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடு பட்டால் தோலின் இறுக்கம் தளர்ந்து நீர் உட்புகும், விதை முளைக்கும். சிட்னிக் கரையில் வளரும் வாட்டில் ஒன்றினை டோனி ஆல்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1980களில் ஆராய்ந்து இதனை விளக்கியிருக்கிறார். மேற்பரப்பில் கிடக்கும் விதை வெந்துபோகும். மிக ஆழத்தில் கிடப்பதற்குச் சூடு எட்டாது. நடுவில் இருப்பதே பிழைக்கும். இது நமக்கும் முற்றிலும் புதிய செய்தியன்று. கருவேல விதை அப்படியே விதைத்தால் முளைக்கத் தாமதமாகும் என்பதும், ஆட்டுக்கிடையில் பொறுக்கிய விதை விரைவில் முளைக்கும் என்பதும் நம் கிராமத்தாருக்குத் தெரியும். வனத்துறையார் வெந்நீரில் ஊறவைத்து விதைப்பார்கள். ஆட்டின் குடலும் வெந்நீரும் செய்யும் வேலையை அங்கே தீ செய்கிறது.

சூட்டுக்குக் கட்டுப்படாமல் புகைக்குக் கட்டுப்படும் விதைகளும் உண்டு. புகை பட்டால் சில விதைகள் முளைக்கும் என்பதை 1990ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் வெளியிட்டார்கள். புகையில் எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பது 2004ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலிய அறிஞர்களாலும் தென்னாப்பிரிக்க அறிஞர்களாலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் மொழியில் புகைக்குக் காரிக் என்று பெயராம். அதனைக்கொண்டே அப்பொருள்களின் தொகுதிக்குக் காரிக்கின் என்று பெயரிட்டார்கள். மிகமிகச் சிறிய அளவே போதும். இப்போது அங்கே நாற்றுப்பண்ணைகளில் விதைகளுக்குப் புகையூட்டுவதும், புகை கலந்த நீரில் ஊறவைப்பதும் சாதாரணத் தொழில் முறைகளாகிவிட்டன.

இனி, காட்டுக்குத் தீ வைப்பானேன் என்ற கேள்விக்குத் திரும்புவோம். இக்காடு நெடுங்காலம் எரியாமலே இருந்தால் என்ன ஆகும்? வடமுனையில் அது கண்கூடாகத் தெரிந்தது. கரையோரத் தேயிலைமரம் என்று ஒரு செடி இருக்கிறது. பெயர்தான் தேயிலை, நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. அந்நாட்டுச் செடியே ஆயினும், தீயில்லாத காலத்தில் அது உயர்ந்து படர்ந்து மற்றவற்றின் மேல் நிழலைப் போர்த்திவிடுகிறது. அதன் கீழே பாங்க்சியாவும் வாட்டிலும் சிறு பூஞ்செடிகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. பல வகைச் செடிகள் இருந்த இடம் ஒரே செடியின் ஆட்சியாகிவிடுகிறது.

மறுபுறம், அடிக்கடி எரிந்தால் என்ன ஆகும்? ஊசியிலை பாங்க்சியாவை நினைத்துப் பாருங்கள். முளைத்த செடி முதன்முதல் பூப்பதற்கே சில ஆண்டுகள் வேண்டும். போதிய காய்கள் கதிரில் சேர்வதற்கு மேலும் சில ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இரண்டாவது தீ வருமானால், இளஞ்செடிகள் யாவும் மாளும். உதிர்வதற்கு விதையும் இராது. அவ்விடத்தில் அச்செடி அன்றோடு அற்றுப்போகும். ஆகவேதான் இத்தகைய புதர்க்காடுகளில் ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடையே ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்குக் குறையாமலும், 30 ஆண்டுகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டுமென்று அம்மாநிலத்தார் வரையறை செய்திருக்கின்றனர். தீ நல்லதா கெட்டதா என்னும் பட்டிமன்றத்துக்கு இங்கே இடமில்லை. எத்தனை ஆண்டு இடைவெளி என்பதே வினா. 1788ஆம் ஆண்டில் வெள்ளையர் குடியேறுவதற்கு முன் இக்கரையில் வாழ்ந்த பூர்வகுடிகள் தீயைக் கருவியாகக் கையாளத் தெரிந்தவர்கள். அடுத்த ஆண்டிலேயே அவர்களுள் பெருந்தொகையினர் வைசூரிக்கு இரையாயினர். நிலத்தையும் பருவத்தையும் அறிந்து தீ மூட்டிய கைகள் மறைந்த பிறகு, அந்தக் கணக்கை இன்று நோட்டுப் புத்தகத்தில் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

எரிக்கும் முறையிலும் ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கு ஆபத்தில்லாமல் ஈரமான குளிர்ந்த நாளில் மெதுவாக எரித்தால், மண் போதிய அளவு சூடாவதில்லை. வாட்டில் விதைகள் உறக்கம் கலைவதில்லை. வெப்பமும் காற்றும் உள்ள நாளில் எரித்தால் தீ கைமீறும். 2020இல் நடந்ததைக் கண்டு அதிகாரிகளை வைது எழுதுவது எளிது. ஊரும் காடும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில் இவ்விரண்டு தீமைகளுக்கு நடுவே நாள் குறிப்பது எளிதன்று என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீ அணைந்துவிட்டது. காடு கரியாய்க் கிடக்கிறது. விதைகள் உதிர்ந்துவிட்டன, மண்ணுள் இருந்தவை விழித்துவிட்டன. மனிதர் செய்ய வேண்டியது என்ன? முளைகளைக் கெடுக்க வருபவற்றைத் தடுப்பதே தலையான வேலை. அவற்றுள் முதலில் வருவது முயல். முயல் அந்நாட்டுப் பிராணியன்று; குடியேறியோர் கொண்டுவந்தது. 1859ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கனவான் வேட்டை விளையாட்டுக்காக இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார் என்பதும், அவை கண்டம் முழுவதும் பெருகின என்பதும் பலரும் அறிந்த கதை. எரிந்த நிலத்தில் தோன்றும் இளந்தளிர் முயலுக்கு விருந்து. வடமுனையில் 2012ஆம் ஆண்டில் சில பகுதிகளைத் திட்டமிட்டு எரித்தார்கள். பிறகு சில இடங்களைச் சுற்றிக் கம்பிவேலி இட்டார்கள். வேறு சில இடங்களைத் திறந்தே விட்டார்கள். இரண்டிலும் வளர்வதை ஒப்பிட்டு வந்தார்கள். வேலிக்குள்ளே செடிகள் தழைத்தன. வெளியே முயல்கள் மேய்ந்த இடத்தில் அவை பின்தங்கின. நெருப்புக்குத் தப்பும் கலையைக் கோடிக்கணக்கான நாட்களாகப் பயின்ற செடிக்கு, நேற்று வந்த முயலின் பல்லுக்குத் தப்பத் தெரியவில்லை.

முயலுக்கு இட்ட வேலி வேறொரு பிராணியையும் வெளியே நிறுத்திவிடும் என்ற தொல்லையும் உண்டு. அது நீள்மூக்குப் பாண்டிகூட் என்பது. குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் சிறு விலங்கு. இரவில் மண்ணைக் கிளறிப் புழு தேடித் தின்னும். இப்பெயரைக் கேட்டவுடன் நேயர்களில் சிலர் புன்னகை புரிந்திருக்கலாம். பெருச்சாளிக்குத் தெலுங்கில் பந்திகொக்கு என்று பெயர்; பன்றி எலி என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அச்சொல்லை நம் பக்கத்தில் கற்றுக்கொண்டு, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, தோற்றத்தில் ஒத்த வேறொரு விலங்குக்கு அதனைச் சூட்டிவிட்டார்கள். அவ்விலங்குக்கும் நம் பெருச்சாளிக்கும் இனவுறவு யாதும் இல்லை. வடமுனையில் வாழும் பாண்டிகூட்டுகள் அழியும் நிலையில் உள்ளவை என்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆகையால் வேலியை எங்கே இடுவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையெல்லாம் ஆய்ந்தே செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த பகை களை. சாம்பல் படிந்த வெற்றிடம் நாட்டுச் செடிக்கு எவ்வளவு உகந்ததோ அவ்வளவு அயல்நாட்டுக் களைக்கும் உகந்தது. நம் மலைக்காடுகளில் பெருந்தொல்லையாயுள்ள உண்ணிச்செடி அங்கும் தொல்லை. அதனினும் சிட்னிக் கரையோரத்தில் பேர்பெற்றது பிட்டூ என்னும் புதர். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இப்புதரைக் கரை மணல் சரியாமல் காக்கும் பொருட்டு அரசாங்கத்தாரே 1946 முதல் 1968 வரை நட்டார்கள். மணலை அது காத்தது என்னவோ உண்மை. கூடவே மணலில் வாழ்ந்த செடிகளையும் மூடிவிட்டது. இன்று அது நாடு முழுவதற்கும் தீங்கான களைகளின் பட்டியலில் இருக்கிறது. தீ பட்டால் பெரிய புதர்கள் மாளும். ஆனால் மண்ணிலுள்ள விதைகள் திரளாக முளைக்கும். அம்முளைகள் பூத்து விதைக்கும் முன் பிடுங்கிவிட்டால் களையின் சேமிப்பே குறைந்துபோகும். ஆகவே தீக்குப் பின்வரும் ஓரிரண்டு ஆண்டுகள் கிடைத்தற்கரிய காலம். அதைத் தவற விட்டால் முன்னிருந்ததைவிட அடர்ந்த களைக்காடுதான் மிஞ்சும்.

மூன்றாவது பகை கண்ணுக்குத் தெரியாதது. வேரை அழுகச் செய்யும் ஒரு நுண்ணுயிர். பைட்டோப்தோரா சின்னமோமி என்பது அதன் பெயர். 1922ஆம் ஆண்டில் சுமத்ராவிலே இலவங்கப்பட்டை மரத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் இலவங்கத்தின் பெயரே அதற்கு அமைந்துவிட்டது. ஈரமண்ணில் அது பரவும். பாங்க்சியாவும் புல்மரமும் அதற்கு எளிதில் இரையாகும். வடமுனையிலும் அது உண்டு. செருப்பில் ஒட்டிய மண், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய மண், நடுவதற்குக் கொண்டுவரும் நாற்றுப்பையிலுள்ள மண் ஆகிய இவையே அதன் வாகனங்கள். உதவி செய்வதாக எண்ணிக் கன்றும் கடப்பாரையுமாக நூறு பேர் எரிந்த காட்டுக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அங்கே செல்வோர் காலணியைத் துலக்கி, மருந்துநீரில் நனைத்த பிறகே உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். எருவும் அவ்வாறே தீங்கானது. இந்த மணல் மிக ஏழை மணல். மணிச்சத்து அதில் மிகக் குறைவு. பாங்க்சியா மெல்லிய வேர்களைக் கொத்துக்கொத்தாக விட்டு அந்தச் சிறிதளவையும் தேடி உண்ணப் பழகியது. நாம் இரக்கப்பட்டு எருவிட்டால், பசித்து மெலிந்தவனுக்குத் திடீரென்று பெருவிருந்து இட்டாற்போல அது நஞ்சாய்விடும், மகிழ்வது களைதான்.

இவ்விடத்தில் இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜோன் பிராட்லி, எயிலீன் பிராட்லி என்பது அவர்கள் பெயர். அதே சிட்னித் துறைமுகத்தின் வடகரையிலுள்ள மோஸ்மன் என்னும் பகுதியில் வாழ்ந்தவர்கள். 1960களில் தம் வீட்டருகே இருந்த காட்டில் நாள்தோறும் உலாவச் செல்லும் வழக்கமுடையவர்கள். ஒரே நாளில் பலர் கூடிக் களைகளை அடியோடு வெட்டி வெளியாக்கிய இடத்தில், சில மாதங்களில் களை முன்னிலும் வலிமையாய்த் திரும்பி வருவதை அவர்கள் கவனித்தார்கள். தாங்களே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். களை மிகுந்த இடத்தை முதலில் தொடுவதில்லை. காடு நலமாயிருக்கும் இடத்திலிருந்து தொடங்குவார்கள். அதன் விளிம்பிலுள்ள சில களைகளை மட்டும், மண் அதிகம் கலையாதவாறு மெல்லப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடத்தை உதிர்ந்த சருகால் மூடிவிடுவார்கள். அவ்விடத்தில் நாட்டுச் செடி தானே முளைத்து நிலைபெறும் வரை அடுத்த அடி எடுத்துவைப்பதில்லை. வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது மனிதரின் ஆவலன்று, காட்டின் வளர்ச்சி. இவ்வளவே அவர்களுடைய முறை. மிக எளிது போலத் தோன்றும். பொறுமையில்லாதவரால் ஒரு வாரம்கூடச் செய்ய இயலாது. எயிலீன் 1976இலும் ஜோன் 1982இலும் காலமாயினர். ஜோன் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1988இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் இன்று காடு மீட்கும் பணியில் ஈடுபடுவோர் எல்லோரும், பல திருத்தங்களுடன், இம்முறையின் வழிவந்தவர்களே.

ஆராய்ச்சி என்றவுடன் பெரிய கருவிகளை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சியின் அடிப்படை ஒரு சதுரக் கட்டம். காட்டில் அங்கங்கே குறிப்பிட்ட அளவுள்ள கட்டங்களை முளையடித்து வரையறுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இனங்கள், ஒவ்வோர் இனத்திலும் எத்தனை செடிகள், துளிர்த்தவை எத்தனை, விதையிலிருந்து வந்தவை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். தீக்கு முன் ஒரு முறை, தீக்குப் பின் சில மாதங்களுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். எரிந்த கட்டத்தோடு எரியாத கட்டத்தையும், வேலியிட்டதோடு இடாததையும் ஒப்பிடுவார்கள். வடமுனையில் இப்பணியில் ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர் தன்னார்வமாக ஈடுபட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த உவகை உண்டாயிற்று. இரண்டங்குல முளையைப் பார்த்து இது இன்ன செடி என்று சொல்வதற்குப் பழகிய கண் வேண்டும். தீக்கு முன் எடுத்த கணக்கு இல்லாவிட்டால், தீக்குப் பின் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு என்ன இழந்தோம் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே எரியும் முன்பே எண்ணத் தொடங்கியவர்களுடைய நோட்டுப் புத்தகங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

செடிகள் மட்டும் திரும்பினால் காடு ஆகிவிடுமா? பாங்க்சியாவின் பூவில் தேன் மிகுதி. அதனை உண்ண வரும் பறவைகளும் சிறு விலங்குகளும் மகரந்தத்தை மேனியில் சுமந்து சென்று பூக்களைக் கருவுறச் செய்கின்றன. அவற்றுள் ஒன்று குட்டிப் போஸம் என்னும் பிராணி. அதன் எடை 15 முதல் 40 கிராம் வரைதான், கைக்குள் அடங்கிவிடும். குளிர்ந்த நாளில் உடலைச் சுருட்டிக்கொண்டு மூச்சையும் நாடியையும் குறைத்து உறங்கிவிடும். இதுவும், காட்டெலி என்னும் அந்நாட்டு எலியும் வடமுனையில் அற்றுப்போயிருந்தன. கப்பலில் வந்த கறுப்பெலி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் காட்டெலிகளையும், அதனையடுத்த ஆண்டுகளில் குட்டிப் போஸத்தையும் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அவ்வாறு குடியேற்றப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேதான் 2020ஆம் ஆண்டின் தீ வந்தது. தேன் தரும் செடிகள் எரிந்துபோன இடத்தில் தேனுண்ணும் பிராணிக்கு எரியாமல் எஞ்சிய பகுதிகளே அடைக்கலம். இக்காரணம் பற்றியே, ஒரே தடவையில் முழுக்காட்டையும் எரியவிடாமல், வெவ்வேறு வயதுள்ள பகுதிகள் அடுத்தடுத்து இருக்குமாறு சிறு சிறு துண்டுகளாக எரிப்பதே நலம் என்று அறிஞர்கள் வற்புறுத்துகின்றனர். 60 ஹெக்டேர் ஒருங்கே எரிந்ததனால் நேர்ந்த கேட்டில் பெரும்பங்கு இதுவே: பல வயதுடையதாயிருந்த காட்டின் பெரும்பகுதி ஒரே வயதுடையதாகிவிட்டது. அதன் செடிகள் ஒன்றாக முளைத்து, ஒன்றாகப் பூத்து, ஒன்றாகவே காய் சேர்க்க வேண்டும். அவை சேர்த்து முடிப்பதற்குள் இன்னொரு தீ முழுவதிலும் பரவினால், அதிலிருந்து மீள்வதற்கு விதை இராது.

ஆகையால், இனி அப்பகுதியில் எந்தத் துண்டை எப்போது எரிப்பது என்று முடிவு செய்யும் முன், ஒருவர் நடந்து சென்று ஊசியிலை பாங்க்சியாக்களைத் தேடிப் பிடித்து, செடிக்கு எத்தனை கதிர்கள், கதிருக்கு எத்தனை மூடிய காய்கள் என்று எண்ணிவர வேண்டும். எரித்து ஏழெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்று நாட்காட்டி சொன்னாலும், மழை குறைந்த ஆண்டுகளில் செடி பூக்கப் பின்தங்கியிருக்கலாம். கதிரில் காய் போதாதாயின், எரிக்கும் நாளை மற்றோர் ஆண்டிற்குத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த ஆண்டும் சென்று எண்ண வேண்டும்.